பாழ் என்று எழுதிய கண்ணாடி

பேராசிரியருக்கு ஒரு பழக்கம். எந்த ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். யாரை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலில் அவர் விரல் மெல்ல இறங்கும். மனைவியின் பெயர் ஏழெட்டு இடத்தில் வரும். அவர் பெயர், அதிர்ஷ்டம் இருந்தால், ஓரிடத்தில். அதுவும் மனைவி பெயருக்கு வாலாக. அன்று காலை எண்ணியதில் அந்தம்மாவுக்கு ஒன்பது, அவருக்குப் பூஜ்யம். காபி கசந்தது. பழி சர்க்கரைமேல் விழுந்தது.

குழந்தை மூளை எப்படி வளர்கிறது என்று யார் பேச ஆரம்பித்தாலும் இப்போது அவர் மனைவி டாக்டரம்மாவில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிறந்த உயிரணு எந்த வழியாக ஊர்ந்து தன் இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்று காட்டியவராயிற்றே. மாடி வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியும். "சாரும் அதே லைன்தானா?" என்று லிஃப்டில் அவள் கேட்டதை மனிதர் நாலு மாதமாக மென்றுகொண்டிருக்கிறார்.

டாக்டரம்மா மேசைமேல் ஒரு பழைய கண்ணாடி ஸ்லைடை வைத்தார். எலிக்குட்டி மூளையின் சீவல், எடுத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஓரத்தில் மார்க்கர் பேனாவில் பேராசிரியரின் எழுத்து: "பாழ். சாயம் திட்டுத்திட்டு. எறியவும்." அந்தத் திட்டுகள்தான் ஊர்ந்துகொண்டிருந்த உயிரணுக்கள். சீவியதும் சாயம் ஏற்றியதும் இவர் கைதான். குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தது அந்தம்மா. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அந்தப் பெருந்தன்மைதான் இவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

"நாளைக்கு எனக்கு விருது குடுக்கற மேடையில இதைத்தான் முதல் படமாக் காட்டப் போறாங்க. போட்டோ எடுக்க இப்ப ஆள் வருது. எழுத்தைத் துடைச்சுடட்டுமாங்க?"

"துடைச்சா?"

"என் ஸ்லைடுன்னு நினைச்சுப்பாங்க."

"துடைக்கலன்னா?"

"யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." எழுந்தவர், "உங்க எழுத்து. நீங்களே முடிவு பண்ணுங்க" என்று குளிக்கப் போனார்.

எழுத்து இருந்தால் எறிந்தவர். போனால் யாருமே இல்லை. பேராசிரியர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். பேரம் பேசுகிறவரைப் போல முதலில் "எறியவும்" மட்டும் துடைத்தார். பிறகு "சாயம் திட்டுத்திட்டு" என்ற எழுத்தும் போயிற்று. "பாழ்" மிஞ்சியது. அதன் 'ழ்' மட்டும் கொஞ்சம் அழகாகவே விழுந்திருந்தது.

ஸ்லைடை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெறுங்கண்ணுக்கு அது ஊதாக் கறை, அவ்வளவுதான். குளியலறையில் தண்ணீர் நின்றது. வாசல் மணி அடித்தது. விரலிடுக்கில் பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது.