இடுக்கில்லாத கூண்டு

மெக்கானிக்கின் அக்கா கொண்டுவந்த பெட்டியில் இருந்தவை ஐந்து கோழிகளா ஆறா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. மெக்கானிக் ஐந்து என்கிறார். அவர் மனைவி ஆறு என்கிறாள். அக்காவைக் கேட்டால் சிரிக்கிறாள். ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு இத்தனை காலம் கழித்துச் சொல்வதால், இந்தக் கதையில் சில இடங்களில் நான் தடுமாறலாம். யார் எங்கே நின்றார்கள், எந்த வார்த்தையை முதலில் யார் சொன்னார்கள் என்றெல்லாம் அடித்துச் சொல்ல முடியாது. யார் மனதில் என்ன இருந்தது என்பதில் மட்டும் ஏனோ அவ்வளவு சந்தேகம் வருவதில்லை.

மெக்கானிக் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கதவு கழற்றிய பெட்டிகள் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவர் அதிகம் பேசமாட்டார். பெட்டி கொண்டுவந்தவர் மூச்சு வாங்கக் குறைகளைச் சொல்லி முடித்தால் "பாக்கறேன்" என்பார். எடுத்துப்போக வந்தால் "ஆச்சு" என்பார். அவர் மனைவிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பு வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று பகல் முழுக்க மைக்கில் சொல்லிவிட்டு வந்தும் அவளுக்குத் தொண்டை ஓயாது. பேச ஒருவர், கேட்க ஒருவர் என்று அமைந்துவிட்டதால் அந்த வீட்டில் சண்டைக்கு ஆள் பற்றவில்லை.

அக்கா சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தவள். கண் மங்கியதும் வேலையை விட்டாள். தனியாக இருந்த வாடகை வீட்டையும் இடிக்கப்போகிறார்கள் என்று ஆனபோது, கோழிப் பெட்டியோடு தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். மகள் வேறு ஊரில் ஒன்பதாவது மாடியில் இருந்தாள். அங்கேயே வரச்சொல்லி நாள்தோறும் போன் செய்தாள்.

"அங்க போனா இதுங்களுக்கு லிஃப்ட் ஏறப் பழக்கணும்," என்றாள் அக்கா. "இதுங்க இருக்கிற வரைக்கும் இங்க இருந்துட்டுப் போறேன்டா தம்பி."

மெக்கானிக் தலையை ஆட்டினார்.

அப்போது நல்ல வெயில். பின்கட்டில் மரத்தடியில் வலைக்கம்பி அடித்து ஒரு மறைப்பு செய்தார்கள். உச்சிப்பொழுதில் கோழிகள் அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும். அக்கா மண்சட்டியில் தண்ணீரை நிழல் பார்த்து வைப்பாள். நிழல் நகர நகரச் சட்டியும் நகரும். சுவரோரம் கொஞ்சம் மண்ணை நனைத்துவிடுவாள். அங்கே போய் வயிற்றை அப்பிக்கொண்டு கிடக்கும். இன்னொரு மூலையில் உலர்ந்த மண்ணோடு சாம்பல் கலந்து குவித்தாள். மண்ணில் புரண்டால் பேன் அண்டாதாம்.

மனைவி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். எல்லாவற்றையும் விரட்டிக் கொத்தியது மேனேஜர். பூந்தொட்டியைக் கிளறியது கான்ட்ராக்டர். ஓரமாகவே நின்றது ஊமை.

"இது உங்க தம்பிக்குத் தங்கச்சி முறை அண்ணி," என்று ஊமையைக் காட்டினாள். "கொக்கொக்குனு ஒரு வார்த்தை வருதான்னு பாருங்க."

சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டு மெக்கானிக் பின்கட்டுக்கு வருவார். அக்காவும் அவரும் ஆளுக்கொரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி அமர்வதைப் பார்ப்பார்கள். ஒரு பேச்சும் இருக்காது. இருட்டியதும் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். அவர் பெட்டிகளை ஓரமாக வைப்பார். பேசாமல் இருப்பதற்கும் ஒரு துணை வேண்டும் என்பது அதுவரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது வந்து சேர்ந்த பிறகு, போய்விடுமோ என்ற பயமும் கூடவே வந்தது. கோழிகள் நன்றாக இருக்கும்வரை அக்கா இருப்பாள் என்று அவர் கணக்கு ஓடியது. ஆகவே கோழிகளை நன்றாக வைத்திருக்க வேண்டும்.

"மழை வந்தா இது தாங்காது," என்று அக்கா ஒருநாள் வலையைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் அன்றே பழைய குளிர்பெட்டிகளின் கூடுகளை இழுத்துப்போட்டார். வெட்டி, ஒட்டி, இரட்டைச் சுவர் வைத்து, நடுவே நுரையடைத்து, கால் வைத்து நிறுத்தினார். ஒவ்வொரு மூட்டிலும் பசை பூசினார். கதவுக்குப் புது ரப்பர் போட்டார். காலமெல்லாம் அவர் செய்த வேலையே அதுதான்: எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கேதான் கேடு. கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி, சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்தார். ஓரிடத்திலும் அது நகரவில்லை. பகலில் கதவைத் திறந்துவைத்தால் கோழிகள் உலவும். மழையிலும் இரவிலும் சாத்திவிட்டால் ஒரு சொட்டு இறங்காது, ஒரு பொட்டுக் குளிர் நுழையாது.

"எறும்புக்குக் கூட வழியில்ல," என்றார். அவருக்கு அது நீண்ட சொற்பொழிவு.

அக்கா கூண்டைச் சுற்றி வந்தாள். உள்ளே குனிந்து பார்த்தாள். கோழிகள் உட்கார அவர் செம்புக் குழாய் பொருத்தியிருந்தார்.

"இதுமட்டும் மரக்கட்டையா இருந்தா நல்லாருக்கும்டா. கொஞ்சம் தட்டையா, அகலமா. உக்காந்தா வயிறு விரலை மூடணும். குழாய் குளிர்ல ஜில்லுன்னு கால்ல ஏறும்."

அவர் உடனே மாற்றினார். அக்கா இன்னும் எதையோ சொல்ல வந்தவள் போல மேல்மூலையைப் பார்த்தாள். பிறகு, "போதும்பா, அரண்மனை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது குளிர் வந்தது. பகல் குறுகியதும் முட்டை குறைந்தது. அது வழக்கம்தான் என்றாள் அக்கா. மேனேஜர் இறகுதிர்ந்து கழுத்து மொட்டையாகி நின்றபோதும், "புது இறகு முளைக்கிற வரைக்கும் முட்டை கேக்கக்கூடாது. தீனிதான் கூடப் போடணும்," என்றாள். அடைவதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு கை மக்காச்சோளம் போட்டாள். அது உள்ளே இருந்து சூடு கொடுக்குமாம்.

ஆனால் தும்மல் வழக்கமில்லை. முதலில் கான்ட்ராக்டர் தும்மியது. அடுத்த வாரம் ஊமைக்குக் கண்ணோரம் நுரை கட்டியது. கொண்டைகள் வெளுத்தன. மெக்கானிக் குளிர்தான் காரணம் என்று தீர்மானித்தார். எங்கேயோ காற்று நுழைகிறது. கீல்களின் மேல் நாடா ஒட்டினார். அடிப்பலகையில் இன்னொரு சுற்றுப் பசை பூசினார். தும்மல் அதிகமாயிற்று. அவர் இன்னும் ஒட்டினார்.

ஒரு மாலை அவர் அடுக்களைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கையில் அக்கா மகளிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"வந்துடறேன்டி. இங்க இதுங்களும் ஒண்ணும் சரியில்ல. காய்கறி வண்டிக்காரரு கேட்டாரு, குடுத்துடலாம்னு பாக்கறேன். தம்பி பாவம், எனக்காக மல்லுக்கட்டறான்."

மனைவியும் கேட்டாள். கணவர் கையில் ஸ்பேனரோடு அசையாமல் நிற்பதைப் பார்த்தாள்.

"போகாதே அக்கான்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன். ரெண்டே வார்த்தை. வேணும்னா மைக் தரேன்."

"பொண்ணு கூப்பிடுது. நான் எப்படித் தடுக்கறது?"

"நீங்க தடுக்க வேணாம். ஆசையிருக்குன்னு சொன்னாப் போதும்."

அவர் குழாயை மாட்டினார். சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தார், ஆனால் நோய்ப்பட்ட கோழிகளைக் காட்டி, என்ன சொல்லி அவளை இருக்கச்சொல்வது?

மறுநாள் காலை அக்கா பயணச்சீட்டு விசாரிக்கப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். வழக்கமாகக் கூண்டைத் திறப்பவள் அவள்தான். இவர் எழுந்து வரும்போது கதவு திறந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அன்று இவர் போய்த் திறந்தார். கோழிகள் முட்டி மோதி வெளியே வந்தன. ஊமை மட்டும் கட்டையிலிருந்து இறங்கவில்லை. அதைத் தூக்கத் தலையை உள்ளே நீட்டினார்.

கண் எரிந்தது. மூக்கின் உச்சியில் ஊசி குத்தியது போல இருந்தது. தலையை இழுத்துக்கொண்டு இருமினார். அந்த வாடை அவருக்கு நன்றாகத் தெரியும். தொழில் பழகிய காலத்தில் ஐஸ் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே குழாயில் எங்காவது அமோனியா கசிந்தால் இதே வாடைதான். போட்டது போட்டபடி, காற்றடிக்கும் திசையைப் பார்த்து எல்லோரும் வெளியே ஓடுவார்கள்.

இரவெல்லாம் கோழிகளின் எச்சம் ஈரத்தில் ஊறி அதைத்தான் கிளப்பியிருந்தது. உள்சுவரைத் தொட்டார். விரல் நனைந்தது. மழைநீர் இல்லை, கோழிகள் விட்ட மூச்சு. போக வழியில்லாமல் சுவரில் வடிந்து, கீழே பரப்பியிருந்த மரத்தூளை ஊறவைத்திருந்தது. மனிதர்கள் விட்டு ஓடும் வாடையில் இவற்றை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டது அவர் கைதான். உணவைக் கெடாமல் வைக்கும் பெட்டியை உயிரை வைக்கச் செய்திருந்தார்.

ஊமையை மடியில் வைத்துக்கொண்டு மரப்பெட்டியில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மனைவி வேலைக்குக் கிளம்பி வந்து பார்த்தவள், அபூர்வமாக, எதுவும் பேசாமல் போனாள்.

பிறகு எழுந்து துளைபோடும் கருவியை எடுத்துவந்தார். கூரைக்குச் சற்றுக் கீழே, கோழிகள் அமரும்போது தலைக்கு மேல் இருக்கும் உயரத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் வரிசையாகத் துளையிட்டார். காற்று மேலோடு போகட்டும், கோழிகள்மீது படவேண்டாம். முதல் துளைக்குத்தான் கை வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது. துளைகளுக்கு வலை அடித்தார். கதவு ரப்பரைப் பிய்த்தார். ஈரத்தூளை வாரிக்கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்து, உலர்ந்த மரச்சீவலைப் பரப்பினார்.

சாயங்காலம் கடைசிப் பிடி சீவலைத் தூவும்போது, திரும்பி வந்திருந்த அக்கா பின்னால் நின்றிருந்தாள். துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னமே தெரியுமா?" என்றார்.

அக்கா ஒரு துளையின் வலையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"முதல் வாரமே மூக்குல ஏறிச்சு. காலையில சீக்கிரம் வந்து தொறந்து விட்டுட்டிருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"குழாய மாத்தச் சொல்லி ஏற்கெனவே ஒண்ணு சொல்லிட்டேன்ல. வந்து தங்கற எடத்துல எத்தனைதான் குறை சொல்றது? நீ வேற அதைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டிருந்தே."

அவர் கையிலிருந்த தூசைத் தட்டினார். மனைவி சொன்ன இரண்டு வார்த்தையும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"இன்னும் என்ன குறை இருக்கு? சொல்லு."

"எதுல?"

"எல்லாத்துலயும். கூண்டுல, வீட்ல, எங்கிட்ட. சொல்றவங்கதான் வீட்டு மனுஷங்க. விருந்தாளிதான் வாயை மூடிக்கிட்டுப் போவாங்க."

அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசியதில் அதுவே அதிகம் என்று நினைக்கிறேன். அக்கா மரப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவர் காத்திருந்தார், காத்திருக்க அவருக்குத் தெரியும்.

"அந்தத் தாழ்ப்பாள்ல ஆணி நீட்டிக்கிட்டிருக்கு," என்று ஆரம்பித்தாள். "ரெண்டு தடவை கை கிழிஞ்சுது."

"சரி."

"தண்ணிச் சட்டிய உள்ள வைக்காதே. கவுத்துவிட்டு ஈரம் பண்ணும். என் ரூம் ஜன்னல் தொறக்க மாட்டேங்குது. அதையும் பசை வெச்சு ஒட்டினியா? அந்த மின்விசிறி கிறீச்சுங்குது, தூக்கமே இல்ல. அடுக்களைக் குழாயை நேத்து மாட்டினியே, இன்னும் சொட்டுது. அப்புறம் உன் பொண்டாட்டி டீ... அது டீயே இல்லடா. சுடுதண்ணிக்குச் சாயம் போட்ட மாதிரி."

வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த மனைவி, பையைக்கூட இறக்காமல் பின்கட்டு வாசலில் நின்றாள்.

"பயணிகள் கவனத்திற்கு," என்றாள் மைக் குரலில். "நாளையிலேருந்து டீ அண்ணி கையால மட்டும்தான் புறப்படும்."

"போடறேன். இத்தனை நாளா யாரும் கேக்கல," என்றாள் அக்கா.

மெக்கானிக் ஜன்னலைக் கழற்றக் கருவிப்பையோடு உள்ளே போனார். பயணச்சீட்டு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அவள் வாங்கியிருக்கவுமில்லை.

ஊமை பிழைக்கவில்லை, சில நாட்களில் போய்விட்டது. மற்றவை கால்நடை மருத்துவர் கொடுத்த மருந்தில் தேறி, பகல் நீண்டதும் முட்டையிடத் தொடங்கின. மேனேஜர் கிழடாகும்வரை இருந்தது. மனைவி பதவி உயர்ந்து இப்போது புதியவர்களுக்கு அறிவிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். மகள் விடுமுறைகளில் வந்துபோகிறாள். அக்கா ஒருமுறை அந்த ஒன்பதாவது மாடிக்குப் போய், ஒரு வாரத்தில் திரும்பிவிட்டாள். மெக்கானிக் அதே பட்டறையில் இருக்கிறார். அக்கா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.