இரு கரை, இரு ஸ்பேனர்

1

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எங்கள் கட்டடத்திலிருந்து இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் அக்கா சொன்னது ஒன்று, அவள் தம்பி சொன்னது வேறொன்று. மொட்டைமாடிக்குக் கீழே குடியிருக்கும் நான் நேரடியாகக் கேட்டவை மேலிருந்து வந்த சத்தங்கள் மட்டும். (அவற்றை நம்பிக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.)

முதல் தொடக்கம்: 'ஏரி அன்று அசைவற்று—' வேண்டாம். ஏரியை யார் பார்த்தார்கள்? அக்கா பார்த்ததெல்லாம் ஃபோன் திரையில் ஓடிய சிக்னல் எண்தான்.

இரண்டாவது தொடக்கம்: ஏரியின் இக்கரையில் எங்கள் மாடியில் ஒரு டிஷ். அக்கரையில், சின்ன ஆஸ்பத்திரியின் மாடியில் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் அக்கரைக்கு இன்டர்நெட் போகும். அக்கா தன் கையால் அமைத்த முதல் இணைப்பு அது. போன வாரப் புயலுக்குப் பிறகு அது ஊர்ந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே படங்கள் இக்கரை எலும்பு டாக்டருக்குப் போய்ச் சேரவில்லை. நாளை மாலைக்குள் சரியாகாவிட்டால் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். குரலை உயர்த்தாமல் சொன்னாராம். அதனால்தான் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை.

2

கேபிளை மாற்றினார்கள். சேனலை மாற்றினார்கள். இன்டர்நெட் பெட்டியை அணைத்து மறுபடி போட்டார்கள்.* மிஞ்சியது டிஷ்ஷின் திசை. மறுநாள் தம்பி படகேறி அக்கரைக்குப் போனான்.

விதி எளிது. ஒருவர் டிஷ்ஷைத் திருப்பும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் இந்த இருவரும் பிறந்ததிலிருந்தே— (முடிக்கப்போவதில்லை. ஒரே சைக்கிளை இருவரும் ஓட்டப் பார்த்த கதை இங்கே எதற்கு?)

எண் கொஞ்சம் ஏறும். பிறகு காரணமே இல்லாமல் விழும். காற்று என்றான் தம்பி. தண்ணீரின் பிரதிபலிப்பு என்றாள் அக்கா. மதியம் முழுக்க இதே கதை.

"நீ அங்க தொடலதானே?"

"சத்தியமா தொடலக்கா. நீ?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்?"

* இதில் யாருக்கும் நம்பிக்கை கிடையாது. செய்யாதவரும் கிடையாது.

3

இங்கே ஒரு மௌனம். எனக்குப் பிடித்த இடம். ஃபோன் இணைப்பில்தான் இருக்கிறது, இருவரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குள் அக்கரையில் ஒரு ஸ்பேனர் இரும்பில் உரசியது.

முந்தைய பிரதியில் அக்கா இந்த இடத்தில் வெடித்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன். ஏனென்றால் அப்போது அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அதிலிருந்த ஸ்பேனரும் போல்ட்டைக் கவ்விக்கொண்டிருந்தது. அவன் சரிசெய்ததை இவளும், இவள் சரிசெய்ததை அவனும் மதியம் முழுக்கக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஸ்பேனரைத் தரையில் வைத்தாள். அந்த 'டங்' என் தலைக்கு மேல் கேட்டது. இது மட்டும் உறுதி.

"டேய், நான் கையை எடுத்துட்டேன். நிஜமா. நீ மெதுவா திருப்பு."

எண் ஏறியது. போதும், இறுக்கிவிடுகிறேன் என்றான். அவள் விடவில்லை. டிஷ்ஷின் சிக்னலில் நடுவே ஒரு பெரிய மேடு, பக்கத்தில் சின்ன மேடுகள். சின்ன மேட்டில் நிற்பவருக்கு அதுவே உச்சி போலத் தெரியும்.

"விழுதுக்கா."

"விழட்டும். நிறுத்தாதே."

விழுந்தது. அக்கா மூச்சுவிடவில்லை, கையையும் நீட்டவில்லை. (அவளைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் சிரமம்.) பிறகு எண் ஏறத் தொடங்கியது. ஏறியது. புயலுக்கு முன் இருந்த இடத்தையும் தாண்டி ஏறியது. அடுத்து அவன் கையைக் கட்டிக்கொள்ள, இவள் திருப்பினாள். இன்னும் ஏறியது.

4

முடிவுகளில் ஒன்று: இருவரும் தழுதழுத்து— இல்லை, அந்தக் குடும்பத்தில் அது நடக்காது.

நடந்தது இது. மாலைக்குள் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். தம்பியை ஏற்றிவந்த படகுக்காரர் படித்துறையில் வழுக்கி விழுந்திருந்தார். அவருடைய மணிக்கட்டுப் படத்தை அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் டாக்டர் பேசிவிட்டாராம்.

"இனிமே அந்த டிஷ்ஷை யாரும் தொடாம பாத்துக்கங்க."

"அதுதான் சிஸ்டர் எங்களால முடியாதது" என்றாள் அக்கா.

அன்று மாடியில் யாரோ குதித்த சத்தம் கேட்டது. அக்கா ஒத்துக்கொள்வதில்லை.

முதலில் கையை எடுத்தது யார்? தான்தான் என்கிறான் தம்பி. அந்த 'டங்' அவன் ஸ்பேனர் வைத்தது, ஃபோனில் வந்திருக்குமாம். இதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, படகுக்காரரின் மணிக்கட்டு கூடிவிட்டது. தலைமை நர்ஸ் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் இணைப்புக் கேட்டு வாங்கினார். முதல் டிஷ் அதே இடத்தில் இருக்கிறது. அக்காவும் தம்பியும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள், ஒரே ஒரு ஸ்பேனருடன்.