ஊறாத குச்சிகள்

அன்று மனைவியின் பிறந்தநாள். தீயணைப்பு நிலைய அதிகாரி ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு நீ சமையலறைப் பக்கமே தலை காட்டக் கூடாது" என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவளுக்குப் பிடித்த சிக்கன் டிக்காவைத் தன் கையால் செய்து போடுவதாக ஏற்பாடு. எலும்பில்லாத கோழித் துண்டுகள் காலை ஏழு மணியிலிருந்தே கெட்டித் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் பூசிக்கொண்டு ஃபிரிட்ஜுக்குள் ஊறிக்கொண்டிருந்தன.

"ஏங்க, மூங்கில் குச்சிய அரை மணி நேரம் தண்ணில ஊறப் போடணுமாம். பாக்கெட்லயே போட்டிருக்கு" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா தண்ணியோடதான் குடித்தனம் பண்றேன். எனக்கே பாடமா?"

போடத்தான் எழுந்தார். அதற்குள் வெங்காயம் வெட்டுகிற வேலை வந்து, கண்ணீரோடு அந்த நினைப்பும் வழிந்து போய்விட்டது. காய்ந்த குச்சிகளில் கறியைக் கோத்து ஓவனின் மேல்கம்பிக்குக் கீழே அடுக்கினார்.

பத்தாவது நிமிடம் குச்சி முனைகள் வரிசையாகப் பற்றிக்கொண்டன. ஓவனுக்குள் தீப்பிடித்தால் கதவைத் திறக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவர், பதறிப்போய்க் கதவை அகலத் திறந்தார். புகை குபுகுபுவென்று ஜன்னல் வழியாக மேல்மாடிக்கு ஏறியது. ஓடி வந்த மனைவி அவரை இடுப்பால் இடித்துத் தள்ளி, கதவைச் சாத்தி, சுவிட்சை அணைத்தாள். தீ தானாக அடங்கியது.

"நல்லவேளை, யாரும் பாக்கல" என்றார்.

கீழே சைரன் கேட்டது. அவர் முகம் வெளிறியது. "ஐயோ, நம்ம வண்டி! இப்படி இருமுற வண்டி அது ஒண்ணுதான்."

ஏப்ரனைக் கழற்றப் பார்த்தார். பூப்போட்ட, ஓரமெல்லாம் சுருக்கு வைத்த ஏப்ரன். முடிச்சு இறுகிக்கொண்டது. அதற்குள் தலைக்கவசம் மாட்டிய நான்கு பேர் வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவர் அவருடைய உதவி அதிகாரி.

"உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?"

"நான்தான்யா" என்றார் அதிகாரி, முடிச்சோடு போராடியபடி.

உதவி அதிகாரி கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு படிவத்தை எடுத்தார். "எழுதித்தானே சார் ஆகணும். தீக்குக் காரணம்?"

"குச்சி."

"எப்படிப்பட்ட குச்சி சார்?"

"ஊறாத குச்சி." பின்னால் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

"அணைச்சது யாரு?"

அதிகாரி கூரையைப் பார்த்தார். "நான்தாங்க" என்றாள் மனைவி. "போன வாரம் கீழே நடந்த அபார்ட்மெண்ட் கூட்டத்துல இவர் சொல்லிக் குடுத்தாரே, அதே மாதிரிதான் செஞ்சேன்."

அப்போது மேல்மாடியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் நோட்டுப்புத்தகத்தோடு இறங்கி வந்தார். "நான்தான் போன் பண்ணேன். அந்தக் கூட்டத்துல ஆறு நிமிஷத்துல வருவோம்னு சொன்னீங்க. நாலரையிலயே வந்துட்டாங்க சார்! உங்க ஆளுங்களுக்கு நல்ல பயிற்சி."

"ரொம்ப நன்றி, டீச்சர்" என்றார் அதிகாரி, ஈனக் குரலில்.

ஓவனைத் திறந்து பார்த்தார்கள். குச்சிகள்தான் கரி, கறி ஓரம் சிவந்து பதமாக வெந்திருந்தது. மனைவி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தியமா நல்லா இருக்குங்க."

அதிகாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தட்டு ஒரு சுற்று வந்து காலியானது. ஃபிரிட்ஜில் மீதி இருந்ததைக் குச்சியே இல்லாமல் தோசைக்கல்லில் போட்டார். உதவி அதிகாரி வயர்லெஸ்ஸை எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிலையத்துக்குத் தகவல் சொன்னார்: "தீ அணைஞ்சிருச்சு. ஆனா நாங்க கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் ஆகும். ரெண்டாவது ஈடு வேகுது."