பிசுக்கு

அவர் முன்கையைத் தூக்கியபோது தோலில் ஒரு துண்டு, தபால்தலை அளவுக்கு, கிட்டாரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அந்த வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

என் கணவருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற நோய். மாதக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை தின்று அவருடைய தோல் வெங்காயச் சருகு போல ஆகியிருந்தது. சட்டைப் பொத்தான் உரசினால்கூட ரத்தம் கட்டும். இளம் வயதில் ஓர் இசைக்குழுவில் அவர் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார் அது. ரெக்சின் உறைக்குள் அலமாரியின் மேல் எத்தனையோ கோடைகள் கிடந்ததில் அதன் லேக்கர் பூச்சு இளகி, காயாத பசை மாதிரி பிசுபிசுத்தது. விரலை வைத்தால் ரேகை பதிந்தது.

அதை இறக்கச் சொன்னதற்குக் காரணம் ஒரு மெட்டு. எங்கள் கல்யாணத்துக்கு முன்பு அவரே போட்டது. வார்த்தையும் கிடையாது, பெயரும் கிடையாது. "இதை வாசிச்சா கூட்டம் எழுந்து சாப்பிடப் போயிடும்" என்று குழுவில் ஒதுக்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் அதை யாருக்கும் வாசித்ததில்லை, எனக்கும்கூட. சில நாள் ஷேவ் செய்யும்போது முணுமுணுப்பார். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்.

"ஒரு தடவை," என்றார். "முழுசா. நீ கேக்கணும்."

கேட்க உட்கார்ந்த இடத்தில்தான் இந்த ரத்தம்.

"தூக்கிப் போடுங்க இந்தச் சனியனை," என்றேன், கையில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே.

"சனியன்... மேல் பூச்சுதான். உள்ள... நல்ல மரம்." அப்போதெல்லாம் ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு வார்த்தைதான் வரும். "உரிச்சுடலாம்."

அவருடைய தம்பி வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். சின்னவன் என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையில் இருந்தவன், இப்போது அவனுக்கே முன்மண்டை வெளுத்துவிட்டது. கிட்டாரைத் தடவிப் பார்த்து, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"என் கடைக்குக் கொடுத்து விடுண்ணா. சூடு காட்டினா ஒரு மணி நேர வேலை."

"உன்கிட்ட கொடுத்தா... பஸ் மாதிரி ஆக்கிடுவே. பின்னாடி... நம்பர் பிளேட்டோட."

"இருக்கட்டுமே. ஹாரனும் சேர்த்து வெச்சுத் தரேன்."

"டெய்லர் செய்யட்டும்," என்றார் என்னைக் காட்டி. பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பது என் தொழில். "இவ தையல் பிரிச்சா... துணிக்கே தெரியாது."

புகழ்ந்து வேலை வாங்குவதில் அவர் கெட்டிக்காரர்.

மறுநாள் சின்னவன் ஒரு கேன் தின்னரும், ரப்பர் கையுறைகளும், முகமூடியும் கொண்டுவந்தான். கேனை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்தான்.

"அண்ணி, விளையாட்டு இல்ல. ஆக்சிஜன் ஓடற ரூம். இதோட வாசனைகூட உள்ள வரக்கூடாது. அண்ணன் நெஞ்சுக்கும் ஆகாது, ஒரு பொறி பட்டாலும் போச்சு."

அதனால் பால்கனியில் வேலை. நடுவில் கண்ணாடிக் கதவு. கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைத்தேன். உள்ளே அவர் நாற்காலியில், மூக்கில் குழாயோடு. வெளியே நான், முகமூடியோடு. கத்தினாலும் கேட்காது, கத்த அவருக்கு மூச்சும் கிடையாது. கடைசியில் போன் போட்டுப் பேசிக்கொண்டோம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கணவனோடு போனில் பேசுகிற ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

கிட்டாரைப் பிரிக்கிற வேலை மட்டும் உள்ளே அவர் கண்ணெதிரில் நடந்தது. கம்பிகளை அவிழ்த்தேன். கழுத்தைக் கழற்றினேன். ஒயர்களை எது எதோடு என்று படம் எடுத்துக்கொண்டேன். திருகாணிகளை அவருடைய மாத்திரை டப்பாவில், ஒவ்வொரு கிழமை அறையிலும் ஒரு வகையாகப் போட்டு வைத்தார்.

"மறந்து வியாழக்கிழமையை முழுங்கிடாதீங்க."

"இரும்புச்சத்துதானே," என்றார்.

தின்னரில் நனைத்த துணியைப் பூச்சின் மேல் விரித்து, அது ஆவியாகிவிடாமல் பாலிதீன் தாளால் மூடிக் காத்திருக்க வேண்டும். பூச்சு குழைந்ததும் வழித்து எடுக்க வேண்டும். அவசரப்படாதே என்பதுதான் போனில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. நான் எதைக் கொண்டு வழிப்பது என்று கேட்காமல், என் தையல் ஸ்கேலை எடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் ஸ்கேல். இரண்டு இழுப்புக்குள் அதன் ஓரம் உருகி, கிட்டார் மேல் வெள்ளையாகக் கூழ் படிந்தது. ஸ்கேலில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்களைக் காணோம்.

கண்ணாடிக்குள் அவர் சிரித்தார். "இனிமே... யார் இடுப்பை... எப்படி அளப்பே?" சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. உடம்பு முன்னால் மடங்கி, முகம் கறுத்து, கை நாற்காலியின் பிடியைத் தேடியது. நான் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு எடுத்தேன். என் கையுறை, மேலே போட்டிருந்த பழைய சட்டை, எல்லாம் தின்னர். போன் வழியாக அந்த இருமல் என் காதுக்குள்ளேயே கேட்டது. சட்டையைக் கழற்றி எறிந்து, பால்கனிக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நுரை போகவே மாட்டேன் என்றது. கதவைத் திறக்கப் போகையில் அவர் ஒரு கையை உயர்த்தி, வேண்டாம் என்று ஆட்டினார். பிறகு மெதுவாக நிமிர்ந்து போனை எடுத்தார்.

"மரக் கரண்டி," என்றார். "மரக் கரண்டி எடு."

அன்றைக்கு அதோடு விட்டுவிடலாம் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கிட்டார் பச்சை. மேடையில் எடுத்த புகைப்படங்களிலும் பச்சைதான். மேல் பூச்சு மரக் கரண்டியில் சுருண்டு வந்தபோது அடியில் நீலம் தெரிந்தது. தெளிவான, காலை நேரத்து நீலம். நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து போனை எடுப்பதற்குள் அவர் கண்ணாடியைத் தட்டினார். கிட்டாரைத் தூக்கிக் கதவருகே பிடிக்கச் சொன்னார்.

"வாங்கும்போது... இந்த நிறம்தான். மேல இருந்த வார்னிஷ்... மஞ்சளாயிடுச்சு. நீலத்து மேல மஞ்சள்."

"இத்தனை வருஷம் பச்சைன்னு சொன்னப்போ ஒரு வார்த்தை சொல்லலையே."

"பச்சைன்னுதான்... நானும் மறந்துட்டேன்."

எனக்குக் கை வலித்தது. ஆனாலும் அவர் போதும் என்கிற வரை பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த நீலத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் விரலால் கண்ணாடியில் தொட்டுக் காட்டினார். நீலமும் இளகித்தான் இருந்தது. நான் பிடித்த இடத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

நீலத்தையும் எடுத்தேன். அதற்கடியில் கெட்டியாக ஒரு வெள்ளைப் பூச்சு; அதைத் தின்னர் ஒன்றும் செய்யவில்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. தையல் கடைக்குப் போய் வந்த பிறகு, வெளிச்சம் இருக்கும் வரை தினமும் தேய்த்தேன். மரம் வெளியே வந்தது. ரேகைகள் ஓடுகிற, வெளிறிய, சாதாரண மரம். வாசனை முழுக்கப் போகட்டும் என்று கொடிக்கம்பியின் கீழே நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தோம். சின்னவன் வந்து அதன் வயிற்றில் மூக்கை வைத்து உறிஞ்சி, "என்னைவிட நல்லாத்தான் மணக்குது. உள்ள கொண்டு போகலாம்," என்றான். அவனே கழுத்தைப் பொருத்தி, ஒயர்களைச் சேர்த்து, புதுக் கம்பிகள் கட்டிச் சுருதி கூட்டினான்.

கட்டிலில் தலையணைகளை அடுக்கி அவரை உட்காரவைத்து, கிட்டாரை மடியில் வைத்தோம். அவர் முன்கையை மரத்தின் மேல் படிய விட்டார். எடுத்தார். மறுபடி வைத்து எடுத்தார். ஒட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரு "ம்".

பிறகு இடது கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். விரல்கள் போக வேண்டிய இடங்களுக்குத் தயங்காமல் போயின. வலது கை கம்பியைத் தட்டியது. "டப்" என்று ஒரு செத்த சத்தம். இன்னொரு முறை தட்டினார். டப்.

"புதுக் கம்பி இல்லையா, இறுக்கமா இருக்கும்," என்று சின்னவன் வாங்கித் தளர்த்தினான். மறுபடியும் டப். விரல்கள் கம்பியின் மேல் இருந்தன, அவ்வளவுதான், அழுத்தப் பலமில்லை. சின்னவன் எழுந்தான். "பைக்கை வழியில நிறுத்திட்டேன்," என்று வெளியே போனவன் வெகுநேரம் வரவில்லை.

அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம்," என்றார். "பழியெல்லாம்... பிசுக்கு மேல போட்டோம்."

ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டாரை எடுத்து வைத்துவிடலாமா என்று நான் கை நீட்டினேன். அவர் அந்தக் கையைப் பிடித்தார்.

"டெய்லர். இந்தக் கை இல்ல. இடது கை கொடு."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"தெரிய வேணாம். சொல்ற இடத்துல... அழுத்து. தட்டறது நான்."

அவருக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். கிட்டாரின் கழுத்து என் மடிக்கு மேல் வந்தது. மூணாவது கம்பி, அஞ்சாவது கட்டம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் விரலை வைத்தேன்.

"அழுத்தச் சொன்னா... தடவறே."

"வலிக்குதுங்க."

"எனக்கும் வலிச்சுது. நான் அழுதேனா?"

"அழுதாரு அண்ணி," என்றான் கதவருகே திரும்பி வந்து நின்ற சின்னவன். "பக்கத்து வீட்டுக்காரங்களும் அழுதாங்க."

அன்று நாலு சுரம்தான் வந்தது. ஆனால் அவை சுரங்கள். டப் இல்லை.

அதன் பிறகு, நான் கடையிலிருந்து சாப்பிட வரும் மதியங்களில், அவருக்கு மூச்சு சற்று இலகுவாக இருக்கும் நேரத்தில் உட்காருவோம். மெஷினை நடையில் வைத்துக் கதவைச் சாத்தி, நீளக் குழாயை மட்டும் உள்ளே விடுவேன். இல்லாவிட்டால் அதன் இரைச்சலில் கம்பியின் சின்னச் சத்தம் அமுங்கிவிடும். மெட்டு எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது, வெட்டி வைத்த துணி மாதிரி, கை தனி, கழுத்துப்பட்டி தனி. என் விரல் நுனிகள் காய்த்துப் போய், கடையில் ஊசி குத்தினாலும் உறைக்கவில்லை. அவருக்கு மூச்சு முட்டுகிற இடங்களில் நிறுத்துவோம். குழாயைச் சரி செய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

ஒரு நாள் அது முழுசாக வந்துவிட்டது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை. கடைசிக் கம்பி அதிர்ந்து அடங்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை.

"கேட்டியா?"

"எங்க கேட்டேன்? அடுத்த விரலை எங்க வைக்கறதுன்னு தேடவே சரியா போச்சு."

அவர் சிரித்தார். இருமல் வரவில்லை. "சரி. நாளைக்கு... விரலைப் பாக்காதே. கேளு."

மறுநாள் அவருடைய வலது கை எழவில்லை. அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அவர் பேசியதும் நான் கேட்டதும் எல்லாம் கண் வழியாகத்தான். வீட்டுக்குத் திரும்பி வந்தது நானும் சின்னவனும், அவருடைய மூக்குக்கண்ணாடியும் செருப்பும்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவன் தனியாக வந்தான். ஆக்சிஜன் மெஷினை வாடகைக் கடைக்கு எடுத்துப்போக வந்தவன், கட்டிலின் மேல் இருந்த கிட்டாரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, அந்த மெட்டு எப்படி இருக்கும்? கடைசி வரைக்கும் நான் முழுசா கேக்கவே இல்ல."

"எனக்கு இடது கை மட்டும்தான்டா தெரியும். அவர் எந்தக் கம்பியை எப்போ தட்டினார்னு நான் பாக்கவே இல்ல."

"தெரிஞ்சதைக் காட்டுங்க."

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டேன். அழுத்தினேன். விரல்கள் கேட்காமலே நகர்ந்தன, மூணாவது கம்பியிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து கீழே. தட்டுவதற்கு ஆளில்லாமல், விரல் கம்பியில் பதிகிற சத்தம் மட்டும், பூனை நடப்பது போல, அறையில் கேட்டது. சின்னவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் என் கை நின்றது.

"முடிஞ்சுதா அண்ணி?"

"இல்லப்பா. இந்த இடத்துல உங்கண்ணன் மூச்சு வாங்குவார். இரு."