பதினான்காம் மேசை

உஷாராணியின் வேலை புள்ளிகளை எண்ணுவது.

அலுவலகங்கள் கழித்துவிடும் கணினித் திரைகளை வாங்கி, துடைத்து, மறுபடி விற்கும் கிடங்கு அது. மலேசியாவில், கிள்ளானில் இருந்தது. ஒவ்வொரு திரையையும் செருகி, வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்களை விரித்துப் பார்ப்பாள். நிறம் மாறினாலும் மாறாமல் கருப்பாகவே நிற்பது செத்த புள்ளி. அதைச் சரிசெய்ய முடியாது. புள்ளியே இல்லையென்றால் ஏ. மூன்று வரை பி. அதற்கு மேல் சி. சி என்றால் கழற்றி உதிரியாக விற்க வேண்டியது. எண்ணிக்கையைக் காகித டேப்பில் எழுதிப் பின்னால் ஒட்டுவாள். ஒன்பது வருடத்தில் அவள் எண்ணியது தப்பு என்று ஒரு திரையும் திரும்பி வந்ததில்லை.

மகள் லோஷினி படிக்கும் தமிழ்ப்பள்ளியில் கணினிகள் இருந்தன. திரைகள் பழுதாகிக் கிடந்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உஷாராணி கை தூக்கினாள். முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் அவள் பேசியதில்லை.

முதலாளி முகுந்தன் யோசிக்கவே இல்லை.

"பி-ல இருபது எடுத்துக்க லா. நம்ம பசங்களுக்குத்தானே."

ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் பொறுக்கினாள். ஒரு புள்ளிக்கு மேல் இருந்ததை எடுக்கவில்லை. அந்த ஒன்றும் ஓரத்தில் இருக்க வேண்டும். இருபதையும் துடைத்து, சுவரோரம் அடுக்கி, மேலே துணி போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த இடம் காலியாக இருந்தது.

"ஈப்போ கஸ்டமர் அவசரமா கேட்டான். அனுப்பிட்டேன்," என்றார் முகுந்தன். "நீ சி-ல இருந்து ஏத்திக்க."

"பாஸ், அது ரோசாக், கழட்டிப் போடற சாமான்."

"எரியுதா இல்லையா?"

"எரியுது."

"அப்புறம் என்ன ரோசாக்? சின்னப் பசங்க புள்ளியையா பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க?"

"ஒரு வாரம் தள்ளிக் குடுத்தா நான் வேற எடுத்துடுவேன் பாஸ்."

"நாளைக்கு ஸ்கூல்ல குடுக்கற விழா. மாலையெல்லாம் சொல்லியாச்சு. வேணாம்னா விடு, பெரிய டீச்சருக்கு போன் போட்டு உஷா வேணாங்குதுன்னு சொல்லிடறேன்."

போனை எடுத்தார். அவள் சி அடுக்கின் பக்கம் திரும்பினாள். அவர் போனை வைத்துவிட்டு இருபது தாள்களை நீட்டினார். 'பரிசோதிக்கப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது.'

"நீயே கையெழுத்துப் போட்டுடு. செக்கிங் நீதானே. அந்த டேப்பையெல்லாம் கிழிச்சிடு, அசிங்கமா இருக்கு."

கிழித்தாள். ஆறு. ஒன்பது. ஏழு. ஒன்றில் டேப் இல்லை. பிளாஸ்டிக் சட்டம் உடைந்திருந்ததால் யாரோ பார்க்காமலே சி-யில் போட்டிருந்தார்கள். செருகினாள். ஐந்து நிறத்திலும் சுத்தம். சட்டத்தைப் பசை வைத்து ஒட்டினாள்.

இருபது கையெழுத்தும் போட்டாள். லோரி வந்தது.

விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் வரவில்லை, உதவியாளரை அனுப்பியிருந்தார். முகுந்தனுக்கு மாலை போட்டார்கள். தலைமையாசிரியை புனிதவதி, இந்த நல்ல காரியத்துக்குக் காரணமானவர் நம் பெற்றோரில் ஒருவர் என்று சொல்லி உஷாராணியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். லோஷினி எழுந்து நின்று கைதட்டினாள்.

எல்லாரும் மீ கோரேங் சாப்பிடப் போனார்கள்.

"நான் மாட்டிட்டு வரேன் டீச்சர்," என்றாள் உஷாராணி.

"சாப்பிட்டுட்டுச் செய்யுங்கம்மா."

"இல்ல டீச்சர். பழக்கந்தான்."

கணினி அறையில் மேசைகளுக்கு எண் போட்டிருந்தது. லோஷினியின் மேசை பதினான்கு. பசை ஒட்டிய திரையைத் தேடி எடுத்து அங்கே வைத்தாள். மற்றவற்றைக் கைக்கு வந்தபடி வைத்தாள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் திரையைத் துடைத்தார்கள். எறும்பு என்று நினைத்தார்கள். நகத்தால் சுரண்டினார்கள். ஒருவன் தண்ணீர் ஊற்றப் போனான்.

கணினி ஆசிரியர் பரமேஸ்வரன் போன் செய்தார்.

"அக்கா, ஸ்கிரீனெல்லாம் புள்ளியா இருக்கு. நீங்க செக் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்."

"பேப்பர்ல இருக்கறது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா சார்."



"சரிக்கா. பதினாலுல மட்டும் ஒன்னுமே இல்ல. அதான் கேட்டேன்."

அன்று மாலையே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. போட்டவர் ஜெயராஜ். அவர் மகன் மூன்றாம் மேசை.

'குப்பையைக் குடுத்துப் பொன்னாடை வாங்கிட்டாங்க.'

'எல்லாருக்கும் இல்ல ஜெயராஜ். சொந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏ கிரேட் லா.'

கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. பதினேழு வரை எண்ணினாள்.

நல்லதைத்தான் எடுத்து வைத்தேன், முதலாளி மாற்றிவிட்டார் என்று தட்டினாள். அனுப்பவில்லை. அதை எழுதினால் பதினான்கைப் பற்றியும் எழுத வேண்டும். அழித்தாள்.

செவ்வாய்க்கிழமை லோஷினி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்தாள்.

"மா, நீ வேணும்னே எனக்கு நல்லதா வெச்சியா?"

"யாரு சொன்னது?"

"கீர்த்திகா. அவ இனிமே என்கூட உக்கார மாட்டாளாம். யாருமே உக்கார மாட்டாங்களாம்."

"கைக்கு வந்ததை வெச்சேன்."

லோஷினி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

புதன்கிழமை தலைமையாசிரியை வரச் சொன்னார். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். மேசையில் முகுந்தனுக்கு எழுதிய நன்றிக் கடிதம் இருந்தது.

"டீச்சர், இதெல்லாம் கழற்றிப் போட வேண்டிய சாமான். நான் எடுத்து வெச்சது வேற."

"தெரியுதும்மா. ஆனா சும்மா குடுத்ததைக் குறை சொன்னா அடுத்த தடவை யாரு குடுப்பா? ஏற்கெனவே நமக்குக் குடுக்க ஆள் இல்ல." கடிதத்தை உறையில் போட்டார். "நீங்க ஒன்னு செய்யுங்க. அந்தப் பதினாலை எடுத்துடுங்க. சண்டை அதோட முடிஞ்சிடும்."

"எடுத்து யாருக்கு வைக்கிறது?"

"எந்தப் பிள்ளைக்கு வெச்சாலும் கேள்வி வரும்." புனிதவதி தம் மேசையில் இருந்த சிறிய, மங்கிய திரையைப் பார்த்தார். "இங்க வெச்சிடுங்க. இதை அங்க போட்டுக்கலாம்."

பதினான்கிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மாட்டினாள். தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தெளிவாத்தான் இருக்கு இல்ல?"

"இருக்கு டீச்சர்."

பழைய திரையைத் தூக்கிக்கொண்டு கணினி அறைக்குப் போனாள். மங்கல்தான், ஆனால் புள்ளி இல்லை. அதைப் பதினான்கில் வைத்தால் நாளைக்கும் இதே பேச்சு. கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். பத்தொன்பது திரைகளையும் எரியவிட்டு, வெள்ளையை விரித்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனாள். அதிகம் மூன்றாம் மேசையில் இருந்தது. பதினொன்று. நான்கு நடுவில்.

பழைய திரையை மூன்றில் வைத்தாள். மூன்றில் இருந்த பதினொரு புள்ளித் திரையைப் பதினான்கில் வைத்தாள்.

ஜெயராஜ் அதன்பிறகு குழுவில் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் மாலை அவள் வேலை விட்டு வரும்போது லோஷினி வாசலில் நின்றாள்.

"மா, என்னோடதை மாத்திட்டாங்க. இப்ப பதினொன்னு இருக்கு. கிளாஸ்லயே எனக்குத்தான் ஜாஸ்தி."

"ம்."

"கீர்த்திகா வந்து உக்காந்து எண்ணினா. அவளோடதுல ஆறுதான். பாவம்னு சொல்லி எனக்கு கேக் குடுத்தா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். யாரு மாத்துனாங்கன்னு தெரியல மா. நல்லவேளை மாத்துனாங்க."

உஷாராணி செருப்பைக் கழற்றினாள்.