மூன்றாவது தடவை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாயில் ஏதோ கோளாறு. வேண்டும் என்பதை வேண்டும் என்று சொல்ல வராது. யாராவது கேக் துண்டை நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான், "சரி, சின்னத் துண்டா குடுங்க" என்று கை நீளும். கேட்பவருக்கும் கணக்கு தெரியும். மூன்று தடவை கேட்டால் மனதாரக் கேட்கிறார், இரண்டோடு விட்டால் சும்மா ஒப்புக்குக் கேட்டார். மின்னசோட்டாவில் எங்கள் பக்கம் நடை பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும். பாஸ்டர் ஹாக்குக்குத் தெரியாது. அவர் ஃபிலடெல்பியாக்காரர். எங்கள் சர்ச்சுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது.

அந்த வசந்தத்தில் எங்கள் நிலம் பாங்குக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு நெப்ராஸ்காவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சர்ச் இளைஞர் குழு வடக்கு ஏரிகளுக்குப் படகு முகாம் போய்த் திரும்பியதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்ப வேண்டும். எனக்கோ பள்ளியில் ஒரே ஒரு வருஷம் பாக்கி. எட்டாம் வகுப்பிலிருந்து நான் காத்துக்கிடந்த, பள்ளி பாண்டு வாத்தியக் குழுவின் முதல் ட்ரம்பெட் இடம் அந்த வருஷம்தான் எனக்கு வருவதாக இருந்தது. நெப்ராஸ்காவில் எனக்கு ஒரு பூனையைக்கூடத் தெரியாது. ஊரில் யாராவது என்னை ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டால் நான் தங்கலாம்.

"யாராவது கேட்டா பாக்கலாம் மாரிட். நாமளா போய்க் கேக்கறதில்ல" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

முதல் ஏரியிலேயே பாஸ்டர் கேட்டார். நான் படகின் முன்முனையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பாஸ்டர் பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்பினார்.

"மாரிட், எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. நீ அங்க தங்கி ஸ்கூலை முடிச்சுட்டுப் போயேன்?"

சந்தோஷத்தில் துடுப்பு கையைவிட்டு நழுவியிருக்கும். நான் என்ன சொன்னேன்?

"ஐயோ, வேணாம் பாஸ்டர்."

முன்முனையில் உட்காருபவர் முகத்தைப் பின்னால் இருப்பவர் பார்க்க முடியாது. என் முதுகைத்தான் பார்த்தார். என் முகத்தைப் பார்த்திருந்தால் ஃபிலடெல்பியாக்காரருக்கும் விளங்கியிருக்கும்.

அன்று சாயங்காலம் மீன் பொரித்தார்கள். பாஸ்டர் வாணலியோடு வந்து, "இன்னொரு துண்டு?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் பாட்டுக்கு அதை டுவேன் தட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு நல்ல பசி.

டுவேன் என் பெரியப்பா மகன், சோற்றுமூட்டை. வாயெல்லாம் எண்ணெயோடு என் காதருகே வந்தான். "அவர்கிட்ட நம்ம நாடகமெல்லாம் எடுபடாது. முதல் தடவையே வாங்கிக்கணும். இல்லேன்னா பட்டினிதான்."

"உன்ன மாதிரி வெக்கங்கெட்டு வாங்க எனக்குத் தெரியாதுடா."

"தெரியாதா? அப்ப முள்ளை நக்கு."

அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மாடி ரூமுக்கு ஒரு தடவை வேண்டாம் என்றாகிவிட்டது. இனி மிச்சம் இரண்டையும் அவர்தான் கேட்டாக வேண்டும்.

மறுநாள் காலை பாஸ்டரம்மா லொரைன் கேட்டாள். நானும் அவளும் கரையில் குந்தி வாணலியை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

"அவர் உன்கிட்ட ரூம் விஷயம் பேசினாராமே? எனக்கும் துணையா இருக்கும்மா. வந்துடேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம் பாஸ்டரம்மா" என்றேன். அந்த வாக்கியத்தை இவ்வளவு ஆசையோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வாணலியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கிரெட்சனிடம் ஓடினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள்தான் என் தோழி.

"பாஸ்டர் ஒண்ணு, பாஸ்டரம்மா ஒண்ணு. சேத்து ரெண்டா, இல்ல ஆளுக்கு ஒண்ணு ஒண்ணா?"

கிரெட்சன் தீவிரமாக யோசித்தாள். "ஒரே வீடுதானே. சேத்துதான். இன்னும் ஒண்ணு கேட்டா முடிஞ்சுது."

அன்றிலிருந்து என் பிழைப்பு பாஸ்டர் பின்னால் அலைவதுதான். அவர் விறகு பொறுக்கினால் நானும் பொறுக்கினேன். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டு மூட்டையை மரத்தில் கட்டித் தூக்கினால் கயிற்றின் மறுமுனையில் நான்தான். மனிதர் என்னிடம் கொசுவைப் பற்றிப் பேசினார், மேகத்தைப் பற்றிப் பேசினார், தாவீது ராஜாவைப் பற்றிக்கூடப் பேசினார். மாடி ரூமைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பெரிய ஏரியில் காற்று பிடித்துக்கொண்டது. அலை வெள்ளையாக எழும்பியது. படகைத் தண்ணீரில் இறக்கவே முடியாது. ஏழு பேரும் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே ஈரக் காலுறைகளோடு முடங்கிக் கிடந்தோம். பாஸ்டர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து சீட்டு விளையாடினார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் ஆண்டவரிடம் காற்று நிற்க வேண்டாம் என்று ஜெபம் செய்தேன். காற்று நிற்கவில்லை. அவரும் கேட்கவில்லை. டுவேனிடம் ஐந்து ஆட்டம் தோற்றுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

"நீயே போய்ச் சொல்லித் தொலையேன்" என்றாள் கிரெட்சன்.

"என்னன்னு? நான் வேணாம்னு சொன்னது பொய், எனக்கு ரூம் வேணும்னா?"

"ஆமா."

"உனக்கு வெக்கமா இல்ல?"

"எனக்கெதுக்குடி வெக்கம், நெப்ராஸ்கா போறது நீ."

"அப்ப நீ சொல்லு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நானா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவா."

கடைசி நாளில் ஒரே ஒரு போர்ட்டேஜ் பாக்கி. ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரிவரை படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுவழியாக நடக்க வேண்டும். நான் வலியப் போய் ஒரு படகைத் தூக்கினேன். பாஸ்டர் மூட்டையோடு என் பின்னால் வந்தார். படகுக்குள் தலை இருக்கும்போது பாதை மட்டும்தான் தெரியும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"பாஸ்டர், உங்க மாடி ரூம் குளிர்காலத்துல கதகதப்பா இருக்குமா?"

எங்கள் ஊர்க் கணக்கில் இது காலில் விழுவதற்குச் சமம். சொல்லும்போதே காதெல்லாம் எரிந்தது. அப்பா கேட்டிருந்தால் தலை குனிந்திருப்பார்.

பின்னால் பாஸ்டர் நின்றுவிட்டார். நானும் படகோடு நின்றேன்.

"அது உன் மனசுலயே உறுத்திக்கிட்டு இருக்கா மாரிட்? நானே உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "லொரைன் என்னைத் திட்டினா. ஒரு பொண்ணு வேணாம்னு சொன்னப்புறம் ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேட்டு அதைச் சங்கடப்படுத்திட்டோமேன்னு. நிலத்தை இழந்துட்டு நிக்கிற குடும்பம், அவங்களுக்கும் ஒரு மானம் இருக்கும்ல. எனக்கு அது உறைக்காம போச்சு. இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்மா. சத்தியம்."

எவ்வளவு நல்ல மனிதர்! அந்த நல்ல குணத்தின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இல்லை, எனக்கு அந்த ரூம் வேண்டும், தரையில் படுக்கக்கூடத் தயார், தயவுசெய்து என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள்.

"பரவாயில்ல பாஸ்டர்" என்றேன் நான். அலுமினியப் படகுக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மறுகரை வரை அழுதுகொண்டே நடந்தேன். இரண்டு கையும் படகைப் பிடித்திருந்ததால் மூக்கைத் துடைக்க முடியவில்லை.

சர்ச் வாசலில் அப்பா டிரக்கோடு காத்திருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே, "பாஸ்டர் ஏதாவது கேட்டாரா?" என்றார்.

"கேட்டாங்க. மாடி ரூம்ல தங்கச் சொல்லி."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

அப்பா தலையாட்டினார். "ரெண்டுக்கு எப்படி ஒத்துக்கறது. நீ சரியாத்தான் சொல்லியிருக்க."

அதில் எனக்குக் கிடைத்த பாராட்டைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம்போல இருந்தது. வண்டி பக்கத்து நிலத்தைத் தாண்டியது. அது ஆர்விலுடையது. அப்பாவும் ஆர்விலும் ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள்.

"ஆர்வில் இந்தக் கிழக்கு வயலை எனக்குக் குத்தகைக்குத் தர்றேன்னான்" என்றார் அப்பா. இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. "அந்தப் பழைய வீட்டையும் சேத்து. போகவே வேணாம்னான்."

"நீங்க என்ன சொன்னீங்கப்பா?"

"அவனும் ரெண்டு தடவைதான் கேட்டிருக்கான்." அப்பா வயலைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. கேப்பான்."

ஆர்வில் எங்கள் ஊர்க்காரர். அவருக்குக் கணக்கு தெரியும். இரண்டோடு நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆர்வில் வந்தார். சோபாவின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அப்பா பிடித்தார். கட்டிலை ஏற்றினார்கள், துணி துவைக்கும் மெஷினை ஏற்றினார்கள், கயிறு போட்டு இறுக்கினார்கள். ஏற்ற ஒன்றும் இல்லாதபோதும் இருவரும் டிரக் பக்கத்திலேயே நின்றார்கள். ஆர்வில் தொண்டையைச் செருமினார். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"மத்தியானம் மழை வரும்போல இருக்கு" என்றார் ஆர்வில்.

"ஆமா" என்றார் அப்பா. "சீக்கிரம் கெளம்பினா நல்லது."