பதினொரு முளைகள்

"மெதுவாப் போங்க சித்தப்பா. வேகமாப் போனா திரையில எல்லாம் கோடாத்தான் தெரியும்" என்றாள் டிரினா.

வெர்லின் மிதியிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினார். படகின் முன்முனையில் மின்மோட்டாரின் முனகல் தணிந்தது. டிரினா, தண்ணீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் சோனார் தண்டை ஒரு கையால் பிடித்து, இடமும் வலமுமாகத் திருப்பியபடி, குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஹார்மனின் படகு அது. தண்டும் திரையும் அவருடையவைதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் தனியாக ஏரிக்கு வந்த மனிதர், இன்று புதன்கிழமை, இன்னும் கரையேறவில்லை.

ஆளில்லாத படகு மட்டும் அணைக்கட்டுப் பக்கம் புதரில் செருகிக் கிடந்தது. பேட்டரி தீரும்வரை மோட்டார் ஓடியிருக்கிறது. உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் சுருட்டி வைத்தபடியே இருந்தது. ஷெரீப்பின் ஆட்கள் இரண்டு நாளாக அங்கேயேதான் முங்கித் துழாவினார்கள். பிப்ரவரிக் குளிர்த் தண்ணீரில் முங்கிப் போனவர் தானாக மேலே வர ஏப்ரல் ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹார்மனின் மனைவி ஓப்பல்தான் சொன்னாள்.

படகை இறக்கும் சரிவில் லாரிக்குள் உட்கார்ந்திருந்தாள் அவள். தேவாலயப் பெண்கள் கொடுத்த கோழிக்கறித் தட்டு மூடியைத் திறக்காமல் மடியில் இருந்தது. கண்ணாடியை இறக்கி, "ஏப்ரல் வரைக்கும் அந்த மனுஷனைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நான் வீட்ல எப்படித் தூங்குவேன் வெர்லின்? மத்தியானத்தோட தேடுறதை நிறுத்தப் போறாங்களாம். மழை வருதாம். நீ கூட்டிட்டு வா" என்றாள். "சரி அண்ணி" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

படகு அணைக்கட்டுக்கு எதிர்த்திசையில், கரை ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை நோக்கித் திரும்பியபோது டிரினா நிமிர்ந்தாள்.

"இங்க எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை வடகாத்து அடிச்சுது. படகு இங்கேருந்துகூட மிதந்து போயிருக்கலாம்."

"இதை ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

"இப்பத்தான் தோணுச்சு."

பொய். ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆளில்லாத படகு என்று காதில் விழுந்த அந்த நிமிடமே தோன்றிவிட்டது. இரண்டு நாளும் அணைக்கட்டுப் பக்கம் நின்று மற்றவர்களோடு கயிறு இழுத்தார், காப்பி குடித்தார். அங்கேயே கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. கிடைக்கவில்லை.

டிசம்பரில் இந்த ஏரியை வடித்துவிடுவார்கள். அடிச்சேறு வெடித்துக் கிடக்கும். அப்போது போய் முளைக்கம்புகளை அடித்து வைத்தால், பிறகு மழையில் தண்ணீர் ஏறியதும் கிராப்பி மீன்கள் அதைச் சுற்றி வந்து நிற்கும். யார் எங்கே அடித்தார் என்பது பரம ரகசியம். கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். வெர்லினிடம் முப்பது வருட ரகசியம் இருந்தது. அண்ணன் இந்தத் திரையை வாங்கிப் படகில் மாட்டினார், ஒரே பருவத்தில் அத்தனையும் போயிற்று. வெர்லின் விடிய எழுந்து போனால், அவருடைய முளைக்கு மேலேயே படகை நிறுத்திக்கொண்டு ஹார்மன் கையசைப்பார்.

"ஏண்டா, மீனு உன் பேரைச் சொல்லிக்கிட்டா நிக்குது?"

"இது மீன் பிடிக்கிறதாண்ணே? உக்காந்து டிவி பாக்குறது. பாப்கார்ன் ஒண்ணுதான் குறைச்சல்."

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் இல்லை. போன டிசம்பரில் வெர்லின் எவனும் தேடாத இடமாகப் பார்த்து, முனைக்கு வெளியே வெறும் சேற்றுவெளியின் நடுவில் போய் அடித்தார். பன்னிரண்டு கம்பு சீவிக்கொண்டு போனார். சம்மட்டி பட்டு ஒன்று பிளந்துவிட்டது. எட்டடி உயர முளைகள். தண்ணீர் வழக்கமாக ஏறும் அளவுக்கு, தலைக்கு மேல் நாலடி நிற்கும் என்பது கணக்கு. இந்த வருடம் பார்த்து வானம் பொய்த்தது, ஏரி பாதியில் நின்றுவிட்டது. முளைத்தலைகள் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். போய் அறுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். முதுகுவலி, குளிர், நாளைக்குப் பார்க்கலாம்.

சனிக்கிழமை ஹார்மன் போனில் கூப்பிட்டார். அவர்களுக்குள் பேச்சு நின்று ஆறு வாரம் ஆகியிருந்தது.

"டேய், முனைக்கு வெளியே ஒரு மீனு பாத்தேன்டா. ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒத்தையா நிக்குது. மூணு பவுண்டுக்குக் குறையாது. நாளைக்கு வா, ரெண்டு பேரும் போவோம்."

வெர்லினுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அங்கே முளை இருக்கு, பார்த்துப் போ. ஐந்தே சொற்கள். சொன்னால் அந்த இடமும் போய்விடும்.

"நீயே போய் உன் டிவியைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

பாவி. அந்த ஐந்து சொல்லை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், தட்டுக்கு முன்னால், கண்ணாடிக்கு முன்னால்.

வானம் இறங்கி வந்துகொண்டிருந்தது. முனையைத் தாண்டியதும் தண்ணீரில் அலையே இல்லை. பழுப்பாக, காய்ச்சி ஆறிய கஞ்சியைப் போல ஆடை கட்டி நின்றது. ஒரு பறவையும் இல்லை. வெர்லின் வேகத்தை இன்னும் குறைத்தார். டிரினா சொல்லாமலே குறைத்தார்.

"ஒரு மீனு" என்றாள் டிரினா.

அவர் எட்டிப் பார்த்தார். திரையின் நடுவில், அடித்தரைக்கும் மேல்மட்டத்துக்கும் இடையில், தடித்த வெளிச்சத் துண்டு ஒன்று அசையாமல் நின்றது.

"பெருசு எப்பவும் ஒத்தையாத்தான் நிக்கும். கூட்டமாத் தெரிஞ்சா சின்னது, விட்டுத்தள்ளுன்னு சொல்வாரு அப்பா." அவள் தலை நிமிரவில்லை. "இதைத் துரத்திட்டுத்தான் வந்திருப்பாரு, பாருங்களேன். கண்ணு திரையை விட்டு நகராது. கால் எங்க இருக்குன்னே தெரியாது. அந்த அங்கியைப் போட்டா குனிய முடியலன்னு கழட்டி எறிஞ்சிருவாரு. நான் எத்தனை தடவை கத்தியிருக்கேன்."

வெர்லின் தண்ணீரையே பார்த்தபடி மிதியை லேசாக அழுத்தினார்.

அவள் தண்டை மெல்லத் திருப்பினாள். திரையின் ஓரத்திலிருந்து நெட்டுக்குத்தான கோடு ஒன்று உள்ளே வந்தது. அதை அடுத்து இன்னொன்று. வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"இதென்ன, இங்க யாரோ முளை அடிச்சிருக்காங்க! போன வருஷம் ஒண்ணும் கிடையாது. நானும் அப்பாவும் இந்த இடம் பூரா பாத்திருக்கோம்." அவள் திரையை இன்னும் நெருங்கினாள். "எந்தப் புண்ணியவான்டா இவ்ளோ உசரமா அடிச்சான்? மேலேயே வந்து நிக்குதே. படகு மோதினா ஆளையே தூக்கி எறிஞ்சிரும்."

விரலால் எண்ணத் தொடங்கினாள். உதடு அசைந்தது. அந்தப் பெரிய மீன் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கே கோடு சற்றுச் சாய்ந்தும் தடித்தும் இருந்தது.

"பன்னிரண்டு" என்றாள்.

"இல்ல. பதினொண்ணு" என்றார் வெர்லின்.

"நல்லாப் பாருங்க. பன்னிரண்டு."

"நான் அடிச்சது பதினொண்ணுதான் டிரினா."

அவள் விரல் திரையின் மேலேயே நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டாவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முளையில் ஒட்டிச் சாய்ந்து, மேலே தோளளவு அகன்று, கீழே ஒடுங்கி, எதிலோ சட்டை மாட்டிக்கொண்டு நிற்பதைப் போல நின்றது அது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "அப்பா" என்பதில் பாதி.

"எப்போ அடிச்சீங்க?"

"டிசம்பர்ல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

டிரினா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். ஷெரீப் அலுவலக எண்ணை அழுத்த மூன்று தடவை ஆனது.

"முனைக்கு வெளியே வாங்க. கிடைச்சுட்டாரு" என்றாள். "இல்ல, அணைக்கட்டு இல்ல. முனை." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "எங்க சித்தப்பாவுக்கு இடம் தெரிஞ்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மழையின் முதல் துளிகள் திரையில் விழுந்தன. வெர்லின் கால் மிதியை விட்டு விலகியிருந்ததை அவரே கவனிக்கவில்லை. படகு தன்பாட்டுக்கு நகர்ந்தது. அடியில் டொக்கென்று ஒரு சத்தம். பலமான இடிகூட இல்லை. ஆனாலும் முன்முனையில் நின்றவர் தடுமாறி, பழுப்புத் தண்ணீரின் பக்கம் முழு உடம்போடும் சாய்ந்தார்.

டிரினாவின் கை அவர் மேலங்கியின் பிடரியைப் பற்றி இழுத்தது.

அவர் நிலைக்கு வந்துவிட்டார். "சரிம்மா, நின்னுட்டேன், விடு" என்றார். அணைக்கட்டுப் பக்கமிருந்து இரண்டு படகுகள் மழைக்குள் புறப்பட்டு வந்துகொண்டிருந்தன. அவை பக்கத்தில் வந்து, இயந்திரத்தை அணைத்து, கயிறு வீசும்வரை அவள் அந்தப் பிடியை விடவில்லை.